ஈயம் என்ற ஒரே சொல்

போன பங்குனியில் கண்டனூரில் அயித்தை வீட்டுக்குப் போயிருந்தேன். வளவுத் தூணில் சாய்ந்து அயித்தை உட்கார்ந்திருந்தார். தண்ணீரை மென்மையாக்கும் மிஷின் விற்க வந்த தம்பி ஒருவர் எதிரே உட்கார்ந்து, சின்ன டப்பா ஒன்றை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். உள்ளே தேன் நிற மணிகள், கசகசாவைவிடக் கொஞ்சம் பெரியவை. "ஆச்சி, இதுக்குப் பேரு ரெசின். தண்ணியில இருக்கிற எல்லா மெட்டலையும் புடிச்சிரும். ஈயம், பாதரசம், ஆர்சனிக், எதுவும் தப்பாது." அயித்தை டப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கெமிஸ்ட்ரி படித்தவன், அதுவும் இந்த மணிகளோடு இரண்டு வருஷம் கிடந்தவன் பக்கத்திலேயே இருக்கிறான், அவன் சொல்லட்டும் என்ற பார்வை. நான் "ம்" என்றேன்.

அந்த "ம்" இன்னும் என்னை விடவில்லை. அந்தத் தம்பி பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது, அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். ஆனால் "எல்லாத்தையும் புடிச்சிரும்" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கக் கூடாது. தண்ணீரில் இருக்கும் நச்சு உலோகத்தைப் பாலிமர் கொண்டு பிடிக்கும் வேலையில், எல்லாவற்றையும் பிடிப்பதுதான் சுலபமான பாதி. வேண்டாததை மட்டும் பிடித்து மற்றதைப் போக விடுவதற்குத்தான் உலகம் முழுக்க ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த மணி. தெர்மாகோல் எதனால் ஆனதோ அதே பாலிஸ்டைரீன்தான் இதுவும். சங்கிலிகளுக்கு இடையே அங்கங்கே குறுக்குப் பிணைப்பு போட்டிருப்பார்கள், அதனால் தண்ணீரில் கரையாமல் ஊறி மட்டும் நிற்கும். சங்கிலி நெடுக சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் தொங்கும். ஒவ்வொன்றும் எதிர்மின் சுமை கொண்ட ஓர் இருக்கை. அதில் முதலில் சோடியம் உட்கார்ந்திருக்கும். கடினத் தண்ணீர் உள்ளே வந்ததும் கால்சியமும் மக்னீசியமும் சோடியத்தை எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். இருக்கை நிரம்பியதும் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் கூட்டமாக வரும் சோடியம் மறுபடி இடம் பிடித்துக்கொள்ளும். 1935இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் செயற்கைப் பிசினில் இதைச் செய்து காட்டியதிலிருந்து அடிப்படை மாறவில்லை.

ஈயம் வந்தால்? உட்காரும். கால்சியத்தைவிட ஈயத்தின் மேல் இந்த இருக்கைக்குச் சுமார் இரண்டு மடங்கு பிரியம் உண்டு. அதனால் மணி புதிதாக, உப்புப் போட்டுப் பராமரிக்கப்படும் வரை, கரைந்திருக்கும் ஈயத்தில் பெரும்பகுதி கால்சியத்தோடு சேர்ந்து நின்றுவிடும். அந்த அளவுக்குத் தம்பி சொன்னது சரி. ஆனால் ஆர்சனிக் தண்ணீரில் ஆர்சனேட்டாக எதிர்மின் சுமையோடு சுற்றும், இல்லையென்றால் ஆர்சனைட்டாகச் சுமையே இல்லாமல் இருக்கும். நம் பக்கத்துத் தோல் பதனிடும் ஊர்களை மிரட்டும் ஆறு இணைதிறன் குரோமியமும் எதிர்மின் சுமைக்காரன்தான். எதிர்மின் இருக்கை அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. "எல்லா மெட்டலும்" என்பது அங்கேயே உடைந்துவிட்டது. இதை அன்றைக்கே இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

சுருங்கிப்போன ஜவ்வரிசி

ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால், நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலைப்பொழுதில். எம்.எஸ்சி. முடித்த கையோடு ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். காரைக்குடியில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படிப்பு எட்டாத ஒன்றாகத் தெரியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1948இல் அடிக்கல், 1953இல் திறப்பு. அந்த வாசலைப் பஸ்ஸில் கடந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது ஒருமுறை வெள்ளைக் கோட்டு போட்டுப் பார்க்கும் ஆசை வந்திருக்கும்.

எனக்குக் கொடுத்த வேலை ஈயத்தைப் பிடிக்கும் ஒரு ஜெல் செய்வது. அக்ரிலிக் அமிலத்தைக் குறுக்குப் பிணைப்புடன் பாலிமராக்கி, காரம் சேர்த்து, சின்னச் சின்ன உருண்டைகளாக எடுத்தேன். குழந்தைகளின் டயாப்பரில் ஈரத்தை உறிஞ்சுவதும் இந்த இனம்தான். காய்ந்திருக்கும்போது கடுகளவு. வாலை வடிநீரில் போட்டால் ஊறி ஊறிப் பளிங்குபோல ஆகிவிடும், பாயசத்தில் வெந்த ஜவ்வரிசி மாதிரி. அந்த வடிநீரில் ஈய நைட்ரேட்டைக் கரைத்து, உருண்டைகளைப் போட்டு, இரவு முழுக்க விட்டு, காலையில் அணு உறிஞ்சல் கருவியில் வைத்துப் பார்த்தால் ஈயம் அநேகமாகக் காணாமல் போயிருந்தது. அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை இப்போதும் மறுக்க மாட்டேன். கருவியின் அசிட்டிலீன் சுடர் முன்னால் நின்றுகொண்டு, இது ஊருக்கே உதவும் என்று நிஜமாகவே நம்பினேன்.

ஆய்வுக்கூடத்தில் மூத்தவர் ஒருவர், கருவிகளைப் பார்த்துக்கொள்பவர், என் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தத் தண்ணியை யாரு குடிக்கிறா?" எனக்குப் புரியவில்லை. "உங்க வீட்டுத் தண்ணியைக் கொண்டாந்து போட்டுப் பாருங்களேன்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அயித்தை வீட்டு போர் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து வந்தேன். கொல்லைக் குழாயின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பாறை கட்டியிருக்கும், அந்தத் தண்ணீர். அதே அளவு ஈயத்தைக் கரைத்து, அதே எடை உருண்டையைப் போட்டு, மூடிவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோது முதலில் யாரோ உருண்டைகளை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். பளிங்கு இல்லை. சுருங்கி, வெளுத்து, ஊறாத ஜவ்வரிசி மாதிரி அடியில் கிடந்தன. கிடுக்கியால் ஒன்றை எடுத்து விரல் நடுவே அழுத்தினேன், ரப்பர்போல எதிர்த்தது. கால்சியம் உள்ளே புகுந்து, சங்கிலியையும் சங்கிலியையும் சேர்த்துக் கட்டி, ஜெல்லின் தண்ணீரையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளியிருந்தது. இருக்கைகள் எல்லாம் கால்சியத்துக்குப் போய்விட்டன. கருவியில் வைத்தேன், போட்ட ஈயத்தில் பாதிக்கு மேல் தண்ணீரிலேயே நின்றது. மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அறிக்கையில் போனது வடிநீர்க் கணக்கு மட்டும். வீட்டுத் தண்ணீர்க் கணக்கை "அது அடுத்த கட்டம்" என்று ஒதுக்கச் சொன்னார்கள், நானும் ஒதுக்கினேன். இந்தத் துறையில் ஒரு பொருள் எவ்வளவு நல்லது என்று காட்ட முதலில் எடுத்து வைப்பது ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் உலோகம் பிடித்தது என்ற எண்ணைத்தான். கால்சியமும் மக்னீசியமும் சோடியமும் இல்லாத தண்ணீரில் எடுத்த அந்த எண்ணை ஒரு கிணற்றுக்கும் ஒரு குழாய்க்கும் நான் நம்ப மாட்டேன். கண்டனூர் கொல்லையில் வருஷக்கணக்காகப் பாறை கட்டும் குழாய்த் தண்ணீரில் என்ன செய்தது என்றுதான் கேட்பேன். வளவில் நான் "ம்" என்று சொன்னது, அந்த அறிக்கையில் ஒதுக்கியதன் மிச்சம்தான் என்று இப்போது படுகிறது.

முப்பத்தொன்பதாயிரத்தில் ஒருவன்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தில், அதாவது ஐ.எஸ். 10500இல், ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கால்சியம் 75 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லையென்றால் 200 வரை பொறுத்துக்கொள்ளலாம். எடையில் 7,500 மடங்கு. ஈய அணு கால்சியத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல் கனமானது என்பதால், தலையை எண்ணினால் ஓர் ஈய அயனிக்கு ஏறக்குறைய 39,000 கால்சியம் அயனிகள். கால்சியம் 200 இருக்கும் தண்ணீரில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். குன்றக்குடிப் பங்குனி உத்திரக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது மாதிரியான வேலை. அதுவும் பார்க்க எல்லோரையும் போலவே இருக்கும் ஆளை.

பார்க்க ஒன்று போலவே என்று சும்மா சொல்லவில்லை. கால்சியம் அயனியின் ஆரம் சுமார் 100 பிக்கோமீட்டர். கேட்மியம் 95, பாதரசம் 102. ஈயம்தான் கொஞ்சம் பெருத்தது, 119. சுமையும் நான்குக்கும் ஒன்றே, இரண்டு நேர்மின். நம் உடம்பே இங்கே ஏமாந்து போகிறது. கால்சியம் என்று நினைத்து ஈயத்தை எலும்பில் சேர்த்துப் பல பத்தாண்டுகள் பூட்டி வைக்கிறது. குழந்தைகளின் மூளைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. உடம்புக்கே பிரித்தறியத் தெரியாததை ஒரு பிளாஸ்டிக் மணி பிரிக்க வேண்டும்.

அளவும் சுமையும் உதவாதபோது உதவுவது பிரியம். 1963இல் அமெரிக்க வேதியியலாளர் ரால்ஃப் பியர்சன் இதை ஒழுங்குபடுத்திச் சொன்னார். எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம், மக்னீசியம் போன்றவை ஆக்சிஜனைத் தேடும். எலக்ட்ரான் மேகம் நெகிழ்ந்து கொடுக்கும் பாதரசம் போன்றவை கந்தகத்தைத் தேடும். ஈயம் இடைநடுவில் நிற்கும். என் ஜெல்லில் இருந்தது கார்பாக்ஸில், முழுக்க ஆக்சிஜன். கால்சியத்துக்குப் பந்தி விரித்துவிட்டு ஈயத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

பாதரசத்துக்கு இந்தப் பிரியம் பெயரிலேயே இருக்கிறது. கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தயோல்களுக்கு 1830களில் டென்மார்க் வேதியியலாளர் சைசே வைத்த பெயர் மெர்காப்டன், லத்தீனில் பாதரசத்தைப் பற்றிக்கொள்வது என்று பொருள். பாலிஸ்டைரீன் மணியில் சல்ஃபோனிக் தொகுதிக்குப் பதில் தயோலைத் தொங்கவிட்டால், கால்சியக் கூட்டத்தின் நடுவிலும் அது பாதரசத்தைத் தேடிப் பிடிக்கும். காஸ்டிக் சோடா ஆலைக் கழிவில் பாதரசத்தைப் பிடிக்க இந்த மாதிரி மணிகள்தான் பயன்பட்டன. அந்த ஆலைகளில் பாதரசத்தையே தேவையில்லாமல் ஆக்கியதும் ஒரு பாலிமர்தான். இப்போதைய மின்பகுப்புக் கலத்தில் நடுவே நிற்கும் ஃபுளோரின் பாலிமர்ப் படலத்தில் அயித்தை வீட்டு மிஷின் மணியில் உள்ள அதே சல்ஃபோனிக் தொகுதி இருக்கிறது. அங்கே வில்லன் யார் தெரியுமா? கால்சியம். படலத்தை அடைத்துவிடும் என்பதால் உப்புக்கரைசலில் அதைக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறக்குவதற்கென்றே தனி மணிகள் வைத்திருக்கிறார்கள். எங்கே எது வேண்டாததோ, அதற்கேற்ற கை.

ஈயத்துக்கு ஏற்ற கைகளில் ஒன்று இமினோடைஅசிட்டேட். நடுவே ஒரு நைட்ரஜன், இரு பக்கமும் கார்பாக்ஸில், மூன்றும் சேர்ந்து உலோகத்தைக் கவ்வும். இப்படிக் கவ்வுவதற்குக் கீலேட் என்று பெயர், கிரேக்கத்தில் நண்டுக் கொடுக்கு. தனி விரலிலிருந்து உருவிக்கொள்வது சுலபம், கொடுக்கிலிருந்து கடினம். இந்த மணிக்குக் கால்சியத்தைவிட ஈயத்தின் மேல் சில நூறு மடங்கு பிரியம். 300 என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு உடனே தீராது. 39,000-ஐ 300-ஆல் வகுத்தால் 130. அதாவது ஓர் ஈயம் உட்காரும்போது பக்கத்தில் 130 கால்சியமும் உட்கார்ந்திருக்கும். மிஷின் மணியிலோ அது 19,500. இந்த 19,500-ஐ 130-ஆக இறக்கியதுதான் பல வருஷ உழைப்பு. ஒரு கரண்டி மணி ஒரு வாரத்தில் நிரம்புமா, மாதக்கணக்கில் நிற்குமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

இன்னும் இறக்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1976இல் ஜப்பானில் நிஷிடேயும் சுச்சிதாவும் தொடங்கியது. பாலிமரைச் செய்யும்போதே உலோக அயனியை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கைகளைச் சேர்த்து, அப்படியே குறுக்குப் பிணைப்புப் போட்டு இறுக்குவது. பிறகு அமிலத்தால் அயனியைக் கழுவி எடுத்துவிட்டால் அது இருந்த பள்ளம் அப்படியே மிஞ்சும். ஆத்தங்குடிப் பக்கம் கல் பதிக்கும் வீடுகளில் ஈரச் சிமெண்டின் மேல் கோழி நடந்துவிட்டுப் போனால் தடம் நின்றுவிடுமே, அந்த மாதிரி. ஆனால் கோழித் தடத்தில் இன்னொரு கோழியும் கால் வைக்கலாம், ஒரு காடையும் வைக்கலாம். பள்ளம் மட்டும் போதாது, பள்ளத்தின் சுவரில் இருக்கும் கைகளும் ஈயத்தையே விரும்புபவையாக இருக்க வேண்டும். கழுவும்போது உள்ளே கொஞ்சம் ஈயம் தங்கிவிட்டால், வடிகட்டியே ஈயத்தைக் கசியவிடும் அபாயமும் உண்டு.

நம் கடற்கரையிலிருந்தும் ஒரு பாலிமர் வருகிறது. இறால் ஓட்டின் கைட்டினைக் காரத்தில் வேகவைத்தால் கிடைக்கும் கைட்டோசான். அதன் அமீன் கைகள் செம்பு, பாதரசத்தோடு நன்றாகச் சேரும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு கைட்டோசானோடு இரும்பு ஆக்ஸிஹைட்ராக்சைடைக் கோத்து ஆர்சனிக் வடிகட்டி செய்தது. தேன் நிற மணியால் முடியாத வேலை அது. தொண்டிப் பக்கம் இறால் உரித்துப் போடும் ஓட்டுக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பிடித்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அமிலம் ஊற்றி மணியைக் கழுவினால் அத்தனை நாள் சேர்ந்த ஈயமும் ஒரு சொம்புத் தண்ணீரில் இறங்கி நிற்கும். நம் ஊர் நகைப்பட்டறைகளில் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட எறிய மாட்டார்கள், அதிலிருக்கும் தங்கத்துக்கு விலை உண்டு. ஈயக் கரைசலை வாங்க யாரும் வர மாட்டார்கள். சாக்கடையில் ஊற்றினால் இத்தனையும் வீண்.

சொம்பு

போன மாதம் மறுபடி கண்டனூர் போனேன். இந்த முறை அயித்தையிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மிஷின் குழாயில் பாறை கட்டுவதை நிறுத்தும், துணி நன்றாக வெளுக்கும், அதற்காக வாங்குவதென்றால் வாங்கலாம். ஈயத்துக்கோ ஆர்சனிக்குக்கோ என்றால் முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவோம், என்ன இருக்கிறதென்று தெரிந்தால்தான் எந்த மணி என்று சொல்ல முடியும் என்றேன். அயித்தை முழுக்கக் கேட்டார். அப்புறம் கேட்டார்: "ஏம்ப்பா, ஈயம் கெட்டதுன்னா நம்ம ஈயச் சொம்பு?"

தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்ற ஒரே சொல். ரசத்துக்கு வைக்கும் சொம்பு வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின். விஷம் காரீயம். வெள்ளீயம் நல்லது, பயமில்லை என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். காரீயம் மலிவு, வெள்ளீயம் விலை. இரண்டும் சுலபமாகக் கலக்கும். பித்தளைக்கு ஈயம் பூசுகிற இடத்திலும் சொம்பு வார்க்கிற இடத்திலும் இந்தக் கலப்படம் நடக்கும். புளியின் டார்டாரிக் அமிலம் கொதிக்கக் கொதிக்க அதைக் கரைத்து எடுக்கும். டார்டாரிக் அமிலமே ஒரு கொடுக்கு, கரைத்ததை விடாமல் ரசத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். குழாயில் எப்பேர்ப்பட்ட மணியைப் போட்டாலும் சொம்பில் இறங்குவதை அது என்ன செய்ய முடியும்?

"இது எங்க ஆத்தா எனக்குச் சீர் வச்சது" என்றார் அயித்தை. மேலே வேறு எதுவும் பேசவில்லை. சொம்பைக் கழுவி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். காரைக்குடியில் தெரிந்த நகைக்கடைக்குப் போனோம். தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே மிஷின் அங்கே இருக்கிறது, அவர்களுடையதில் ஈயமும் காட்டும். கடைப் பையன் சொம்பின் அடியைத் துடைத்து வைத்து மூடினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் வெள்ளீயம் முதல் வரியில் வந்தது. இரண்டாவது வரியில் காரீயம், நூற்றுக்கு ஆறு.

அயித்தை அந்த வரியைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். சொம்பை மறுபடி துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் கண்டனூர் வரும்வரை கையை எடுக்கவில்லை. அன்று ராத்திரி ரசம் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதித்தது. கரண்டியில் எடுத்து ஊதி ருசி பார்த்தார், கொஞ்சம் நேரம் கழித்து இன்னொரு முறை பார்த்தார், பிறகு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து இன்னும் கொஞ்சம் பெருங்காயம் போட்டார்.